ஈம் ஊரின் எல்லை அடைப்பு, 1665–66: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் ஈம். 1665 செப்டம்பர் முதல் 1666 நவம்பர் வரை அங்கே பிளேக் பரவியது. ஊரார் தங்கள் எல்லையைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். அந்த முடிவை முழு வெற்றி என்று கொண்டாடுவோரும் உண்டு, வீண் பலி என்று சாடுவோரும் உண்டு. அந்த அடைப்பு இரண்டு வேலைகளைச் செய்திருக்க வேண்டும்: வெளியூர்களைக் காப்பது, உள்ளே இருந்தவர்களைக் காப்பது. முதலாவதில் அது பலித்தது. இரண்டாவதற்கு அதில் வழியே இல்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கே இந்த ஆய்வு. இதில் வரும் ஊரார் எவருக்கும் பெயர் சுட்டவில்லை.

பின்னணி: நிலமும் ஈயமும்

ஊரின் தெற்கே சுண்ணாம்புப் பாறை, வடக்கே உயர்ந்த மணற்பாறை மேடு. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் ஈயத் தாது ஓடுகிறது. 1086-இல் அரசர் எடுத்த நிலக் கணக்கேட்டில் ஈம் அரசரின் நிலமாகப் பதிவாகியிருக்கிறது. அதன்பின் அது பிரபுக் குடும்பங்களின் கை மாறி வந்தது. உழுதவன் பிரபுவுக்கு உழைப்புக் கடன்பட்டவன், கல்யாணத்துக்கும் இடம்பெயரவும் பிரபுவின் அனுமதி வேண்டும் என்ற நிலமானிய முறையே இங்கும் இருந்தது. 1348–49-இல் வந்த பெரும் கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொண்டுபோனது. ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. 1351-இல் சட்டம் போட்டுக் கூலியை அடக்கப் பார்த்தும் பழைய பிடி தளர்ந்துகொண்டேதான் போனது.

டெர்பிஷயர் ஈயச் சுரங்கக்காரர்களுக்குத் தனி வழக்கம் ஒன்று இருந்தது. வழக்கம் செல்லுபடியான பகுதிகளில் யார் வேண்டுமானாலும் தாது தேடலாம். கண்டெடுத்தவர் அரசருக்கோ அவரிடம் உரிமை பெற்றவருக்கோ ஒரு பங்கு கொடுத்துவிட்டு அந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்ளலாம். பொதுவாக 13 அளவைக்கு 1 அளவை அந்தப் பங்கு. தகராறு வந்தால் சுரங்கக்காரர்களே ஜூரியாக உட்காரும் பார்மோட் என்ற வழக்கு மன்றம் தீர்க்கும். ஈம் குருவானவருக்கும் ஓர் அளவைத் தாதுவுக்கு 1 பென்னி, தசமபாகம் என்ற சமய வரியாக வந்து சேர்ந்தது. எல்லையைத் தாங்களே அளப்பதும், விதியைத் தாங்களே வகுத்துத் தாங்களே காவல் காப்பதும் இந்த ஊராருக்குப் பழகிப்போன வேலை. 1666-இல் போலீஸும் படையும் இல்லாமல் ஒரு கட்டுப்பாடு நின்றதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

போர் விட்டுச்சென்ற பிளவு

1642-இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஈயத்தின் மீதான சுமையைக் குறைப்பதாகச் சொல்லி முதலாம் சார்லஸ் அரசர் டெர்பிஷயர் சுரங்கக்காரர்களைப் படைக்கு அழைத்தார். ஈமைப் பொறுத்தவரை போரின் அடி ஊரின் கிறிஸ்தவக் கோயிலில்தான் விழுந்தது. அரசரை ஆதரித்த குருவானவர் 1644-இல் நீக்கப்பட்டார். அவர் இடத்துக்குப் பியூரிட்டன் கொள்கை (சடங்குகளைக் களைந்து திருச்சபையைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கொள்கை) கொண்ட ஒருவர் வந்தார். 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பழையவர் மீண்டும் வந்து உட்கார்ந்தார். 1662-இல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம், அரசத் திருச்சபையின் பொது ஜெப நூலை முழுதாக ஏற்காத போதகர்களை வெளியேற்றியது. அதுவரை உதவிக் குருவாக நீடித்த பியூரிட்டன் குரு பதவியோடு பிழைப்பையும் இழந்தார். ஊரில் பலர் அவர் பக்கம். 1664-இல் புதிதாக நியமிக்கப்பட்ட இளம் குருவானவருக்கு ஊராரிடம் பெரிய செல்வாக்கு இல்லை.

நோய் வந்த ஆண்டில் நிலைமை இதுதான். அதிகாரம் ஒருவரிடம், ஊராரின் நம்பிக்கை இன்னொருவரிடம்.

கண்டவை: முதல் பத்து மாதங்கள்

1665 கோடையில் லண்டனில் பிளேக் உச்சத்தில் இருந்தது. லண்டன் ஏறத்தாழ 150 மைல் தொலைவு. ஈமில் இருந்த தையற்காரர் ஒருவருக்கு அங்கிருந்து துணிப்பொதி வந்தது. அது ஈரமாக இருந்ததால் அவரிடம் வேலை செய்தவர் பிரித்து நெருப்பருகே உலர்த்தினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அடக்கப் பதிவேடு சொல்வது இவ்வளவுதான்: செப்டம்பர் 7-இல் அந்த வேலையாள் அடக்கம், செப்டம்பர் 22-இல் அதே வீட்டுச் சிறுவன், அடுத்தடுத்த நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகள். செப்டம்பரில் மொத்தம் 6 பேர்.

முதல் இரண்டு அடக்கங்களுக்கும் நடுவே 15 நாள். இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நோயைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சியிடம் கடிபட்ட மனிதருக்குச் சில நாட்களிலேயே காய்ச்சலும், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறிக்கட்டியும் வந்துவிடும். 15 நாள் இடைவெளி என்றால் நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். வீட்டு எலிகளுக்குள் நோய் பரவி, எலிகள் செத்து, பசித்த தெள்ளுப்பூச்சிகள் மனிதரிடம் வந்திருந்தால் அந்தக் கணக்கு பொருந்துகிறது. அன்று இது யாருக்கும் தெரியாது. நோயைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி என்பதை ஒரு பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில்தான் காட்டினார். 1665 லண்டன் நோயின் கிருமி யெர்சினியா பெஸ்டிஸ்தான் என்பது, அக்காலச் சடலங்களின் பற்களில் எடுத்த மரபணுவால் 2016-இல் உறுதியானது.

அக்டோபரில் 23 பேர் இறந்தனர். குளிர் வந்ததும் எண்ணிக்கை சரிந்தது. ஆண்டு முடிவுக்குள் மொத்தம் 42 சாவு. 1666 ஜனவரி முதல் மே வரை எந்த மாதத்திலும் பத்தைத் தாண்டவில்லை.

இங்கேதான் ஊர் கோட்டைவிட்டது. குளிரில் தெள்ளுப்பூச்சி மந்தமாகும், பெருகாது. அதனால் சாவு குறைந்தால் நோய் போய்விட்டது என்று ஆகாது. ஆனால் மாதம் ஐந்து, எட்டு என்று வந்த எண்ணிக்கை ஊராருக்கு ஆறுதலாகத் தெரிந்தது. இந்த ஐந்து மாதங்களில் துணி எரிக்கவில்லை, வீடு மாற்றவில்லை, கோயிலில் கூடுவதை நிறுத்தவில்லை. வசதி இருந்த சிலர் மட்டும் வசந்த காலத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். சிலர் மேட்டு நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். குருவானவரும் தம் இரு குழந்தைகளை யார்க்ஷயரில் உறவினரிடம் அனுப்பிவைத்தார். அவர் மனைவி போக மறுத்துக் கணவரோடு தங்கினார்.

ஜூனில் சாவு மீண்டும் ஏறியது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

அன்றைய சட்டம் வேறு வழி காட்டியது. 1604-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோய் கண்ட வீட்டைப் பூட்டி, நோயாளியையும் நலமாக இருப்பவரையும் சேர்த்தே உள்ளே வைக்கலாம். உடம்பில் கட்டியோடு வெளியே வந்து பிறரோடு கலந்தவருக்கு மரண தண்டனை. கட்டி இல்லாமல் வந்தாலும் நாடோடிக்குரிய சாட்டையடி. பூட்டிய வீடுகளுக்குச் சோறு போட 5 மைல் சுற்றுவட்டாரத்தில் வரி தண்டலாம். லண்டன் இந்த வழியில் போனது. அங்கே கதவில் சிவப்புச் சிலுவை, வாசலில் காவலாள், உள்ளே பல வீடுகளில் குடும்பம் முழுதும் சாவு.

ஈம் வீடுகளைப் பூட்டவில்லை, ஊரின் எல்லையைப் பூட்டியது. இந்த யோசனை முதலில் யாருடையது என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஆனால் புதிய குருவானவர் தனியாக அதை நிறைவேற்றியிருக்க முடியாது. பதவி பறிக்கப்பட்டு அதே ஊரில் வாழ்ந்துவந்த பழைய பியூரிட்டன் குருவோடு சேர்ந்தே அவர் ஊராரின் முன் வந்தார். இருவருக்கும் சமயக் கொள்கையில் ஒட்டுதல் இல்லை. ஆனால் ஒருவர் பேச்சைக் கேட்காதவர் மற்றவர் பேச்சைக் கேட்பார். ஊர் முழுவதையும் எட்ட வேறு வழி இல்லை. மூன்று விதிகள் ஏற்கப்பட்டன.

முதல் விதி அடக்கம் பற்றியது. இனி கோயில் கல்லறையில் ஊர்கூடி அடக்கம் இல்லை. அந்தந்த வீட்டார் தங்கள் சடலத்தைத் தோட்டத்திலோ வயலிலோ தாங்களே புதைக்க வேண்டும், அதுவும் உடனே. கல்லறை நிரம்பிவிட்டதும் சுமக்க ஆள் இல்லாததும் நேரடிக் காரணங்கள். அடக்கத்துக்குக் கூடும் கூட்டத்தை நிறுத்தியது இதில் கிடைத்த கூடுதல் நன்மை.

இரண்டாவது விதியின்படி கோயிலைப் பூட்டி, ஊருக்கு அருகே கக்லெட் டெல்ஃப் என்ற புல்வெளிப் பள்ளத்தில் ஆராதனை நடந்தது. குடும்பம் குடும்பமாக, ஒன்றை விட்டு ஒன்று தள்ளி நின்றார்கள். கிருமி பற்றிய அறிவு இல்லாமலே எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சரியானது. மூடிய கோயிலுக்குள் இருமலும் மூச்சும் கலக்கும் வாய்ப்பை இது போக்கிவிட்டது.

மூன்றாவது எல்லை. ஊரைச் சுற்றி ஏறத்தாழ அரை மைல் தொலைவில் கற்களும் மேடுகளும் அடையாளம். எவரும் அதைத் தாண்டிப் போகக் கூடாது, வெளியார் உள்ளே வரவும் கூடாது.

இந்த மூன்றாவது விதி நின்றதற்குக் காரணம் சோறு. சில மைல் தொலைவில் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபுவுக்குக் குருவானவர் எழுதினார். ஊரார் எல்லைக்குள் இருப்பதானால் உணவும் மருந்தும் எல்லையில் வந்துசேரும் என்ற உறுதி கிடைத்தது. அக்கம்பக்கத்து ஊர்களும் பொருள் கொண்டுவந்தன. தெற்கே ஸ்டோனி மிடில்டன் போகும் வழியில் ஆறு குழிகள் கொண்ட எல்லைக்கல் இன்றும் இருக்கிறது. குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள். வடக்கே மேட்டுப் பாதையில் இருந்த ஊற்றில், ஓடும் நீரில் காசு போடுவார்கள். கொண்டுவந்தவர் பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு விலகிப்போவார், அதன்பின் ஊரார் வந்து எடுத்துக்கொள்வார்கள். உலோகக் காசு இந்த நோயைப் பரப்பும் வழி அல்ல. ஆயினும் இருவர் நேருக்கு நேர் நிற்காமல் வியாபாரம் நடந்தது, அதுவே போதிய காப்பு.

எல்லைக்கு வெளியேயும் காவல் இருந்தது. ஈமில் பிளேக் இருந்தபோது ஃபுல்வுட் ஊற்றுப் பக்கம் ஆட்கள் வராமல் தடுக்கச் செய்த செலவு அண்டை ஊரான ஷெஃபீல்டின் பழைய கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. டைட்ஸ்வெல் சந்தைக்குப் போன ஈம் பெண் ஒருத்தியை அடையாளம் கண்டு மண்ணும் கல்லும் எறிந்து விரட்டினார்கள் என்ற செவிவழிச் செய்தியும் உண்டு. ஈமார் தங்கியது தியாகத்தால் மட்டும் என்று எழுதுவோர் இதையும் சேர்த்து எழுத வேண்டும். போனாலும் ஏற்பார் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொடர்ந்தவை: ஜூலை முதல் அக்டோபர் வரை

ஜூலையில் 50-க்கும் மேல், ஆகஸ்டில் 70-க்கும் மேல் சாவு.

ஊருக்குக் கிழக்கே ரைலி என்ற மேட்டில் ஒரு பண்ணை வீடு. ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டு நாட்களில் அந்த வீட்டுத் தாய் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தார். விதிப்படி உதவிக்கு எவரும் வரவில்லை. சடலத்தைத் தொடாமலிருக்கக் காலில் துணியைக் கட்டி வயலுக்கு இழுத்துப்போனார், ஆழம் குறைந்த குழியைத் தாமே வெட்டினார் என்று ஊரில் சொல்லிவந்திருக்கிறார்கள். தாய் பிழைத்தார். ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு மகன் மட்டும் மிச்சம், அந்த மகனிடமே போய்ச் சேர்ந்தார். ரைலியில் அவர்களின் கல்லறைக் கற்கள் இன்றும் வட்டச் சுவருக்குள் நிற்கின்றன.

அந்த எட்டு நாட்களில் நோயின் போக்கும் தெரிகிறது. நோய் வீடு வீடாகத் தாவியதைவிட, புகுந்த வீட்டுக்குள்ளேயே சுற்றியதுதான் அதிகம். ஈம் பதிவேட்டை வைத்து 2016-இல் வெளியான கணித ஆய்வும் இதையே சொல்கிறது. தொற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு மனிதரிலிருந்து மனிதருக்கு, கால் பங்குதான் எலி வழி என்றும், ஒரே வீட்டாருக்குள் தொற்றும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் அது கணிக்கிறது. இப்படி மனிதர் வழி பரவியது நுரையீரல் தொற்றாலா, மனித உடம்பில் வாழும் பேன், தெள்ளுப்பூச்சி வழியாகவா என்பது இன்னும் தீராத கேள்வி.

வீட்டார் எல்லோரும் இறந்த இடங்களில் புதைக்க ஆள் இல்லை. நோய் வந்து பிழைத்த ஒருவர், தனக்கு இனி வராது என்று நம்பி அந்த வேலையை ஏற்றார். இறந்தவரின் உடைமையே அவருக்குக் கூலி. அவருக்கு மீண்டும் வரவில்லை. ஆனால் அவர் மனைவியும் மகனும் ஆகஸ்டில் இறந்தார்கள். அவர் வீட்டுக்குக் கொண்டுபோன துணிமணிகளே காரணம் என்று ஊர் பேசியது. தெள்ளுப்பூச்சி மடிப்புகளில் தங்கும் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

ஆகஸ்ட் 25-இல் குருவானவரின் மனைவி இறந்தார். அவர் கல்லறை கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. செப்டம்பரில் சாவு வெகுவாகக் குறைந்தது.

முடிவு நிலை

1666 நவம்பர் 20-இல் குருவானவர் எழுதிய கடிதத்தில் தம் பொறுப்பிலிருந்த திருச்சபைப் பகுதியில் 76 குடும்பங்களில் நோய் புகுந்தது, 259 பேர் இறந்தார்கள், அக்டோபர் 11-க்குப் பின் எவரும் இறக்கவில்லை, நோயாளிக் குடிசைகள் காலியாகி நாளாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். கடைசிச் சாவு நவம்பர் 1 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த முரண் சிறியதுதான். ஆனால் நம்மிடம் இருக்கும் பதிவேடு பிற்காலத்தில் எடுத்த படி என்பதை இது நினைவூட்டுகிறது. 350 பேரில் 260 பேர் இறந்தார்கள் என்ற பழைய கணக்கையும் இனி சொல்லக் கூடாது. ஊரில் ஏறத்தாழ 700 பேர் இருந்தார்கள் என்பதே இன்றைய மதிப்பீடு. மூன்றில் ஒருவருக்கு மேல் சாவு என்பதே போதிய பேரழிவு, அதை மிகைப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

அதே கடிதத்தில், அந்த வாரம் முழுதும் ஊரின் கம்பளித் துணிகளைப் புகையிட்டுச் சுத்தப்படுத்தப் போவதாகவும், இதுவரை எரித்த பொருள்களுக்கு அளவே இல்லை என்றும், தாம் முன்னுதாரணமாக இருக்கவேண்டித் தேவைக்கு மேல் எரித்துவிட்டதால் குளிருக்குப் போர்த்தத் தமக்கே துணி இல்லை என்றும் எழுதுகிறார்.

அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோய் பரவவில்லை. எல்லை அடைப்பு வெளியூர்களைக் காத்தது என்று சொல்ல இதுவே ஆதாரம். அடைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் ஷெஃபீல்டும் பேக்வெல்லும் நடந்தே போகும் தொலைவில் இருந்தன என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஊருக்குள் பழைய பிளவு ஆறவில்லை. பியூரிட்டன் குருவை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டும் என்று சிலர் டெவன்ஷயர் பிரபுவிடம் போனார்கள். நோய் கண்ட ஊரைவிட்டு நோய் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டவருக்கு நாடே நன்றி சொல்ல வேண்டும், வெளியேற்றுவதாவது என்ற பொருளில் பிரபு பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்தக் குரு 1670-இல் ஈமிலேயே இறந்தார். புதிய குருவானவர் நாட்டிங்காம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாறிப்போனபோது, அங்கிருந்தவர்கள் பயந்து அவரை உடனே ஊருக்குள் விடவில்லை என்றும், பயம் தெளியும்வரை ஒரு பூங்காவில் குடிசையில் தங்கினார் என்றும் சொல்வார்கள்.

இன்று இதே நிலை வந்தால் மாற்ற வேண்டியவை

முதலில் காலம். எல்லையை 1665 அக்டோபரில் அடைத்திருக்க வேண்டும், 1666 ஜூனில் அல்ல. ஒரே மாதத்தில் 23 சாவு என்பது எந்தச் சிற்றூருக்கும் போதிய எச்சரிக்கை. குளிர்காலச் சரிவைக் கண்டு எதையும் தளர்த்தாமல், அந்த ஐந்து மாதங்களைத் துணி எரிக்கவும் வீடுகளைக் காலி செய்யவும் பயன்படுத்தியிருக்கலாம். நவம்பரில் செய்த புகையிடுதல் ஓராண்டு முன்னரே நடந்திருந்தால் பலன் இருந்திருக்கும்.

மிகப் பெரிய குறை இரண்டாவது. நோய் புகுந்த வீட்டிலிருந்து நலமாக இருப்பவர்களைப் பிரிக்கவில்லை. மேட்டு நிலம் இருந்தது, கோடைக்காலம் இருந்தது, குடிசை போடும் வழக்கமும் இருந்தது. நோயாளிக்குத் தனிக் குடிசைகளும் இருந்ததைக் கடிதமே சொல்கிறது. எல்லைக்குள்ளேயே, ஊரை விட்டு வெளியேறாமலே, குடும்பங்களை மேட்டில் சிதறவிட்டிருக்கலாம். எல்லோரையும் தப்பிப்போக விட்டிருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதி உண்மை. சிதறியிருக்க வேண்டும் என்பது சரி, எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது தவறு.

சடலம் புதைப்பவருக்குக் கூலி பணமாகத் தரப்பட வேண்டும், இறந்தவரின் துணியாக ஒருபோதும் அல்ல. நோய் வந்து பிழைத்த இரண்டு மூன்று பேரை ஊர்ச் செலவில் அந்த வேலைக்கு அமர்த்தியிருந்தால் ரைலித் தாய் தனியாகக் குழி வெட்டியிருக்க வேண்டியதில்லை.

மாற்றக் கூடாதவையும் உண்டு. திறந்தவெளி ஆராதனை, ஆள் முகம் பாராத வியாபாரம், அடைக்கும் முன்பே பெற்ற உணவு உறுதி, பகைத்த இரு தலைவர்கள் ஒன்றாக ஊரார் முன் நின்றது. இந்த நான்கில் உணவு உறுதியை நான் முதலில் வைப்பேன். டெவன்ஷயர் பிரபுவின் பதில் வராமல் இருந்திருந்தால் ஜூலை மாதமே அந்த எல்லை உடைந்திருக்கும். பசித்தவரை எந்தப் பிரசங்கமும் கட்டிப்போடாது.

பிழைத்தவர்களுக்கு நிவாரணம் என்று எதுவும் திட்டமிடப்படவில்லை. அறுப்பு நாளில் ஆள் இல்லை, சுரங்கத்தில் இறங்க ஆள் இல்லை, போர்வைகள் எரிந்துபோயின, குளிர்காலம் வாசலில். 5 மைல் சுற்றுவட்டாரத்தில் வரி தண்டும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது. அந்த வரியைக் கட்டக்கூடிய ஊர்கள் ஈமாரால் பிழைத்திருந்த ஊர்கள். எல்லை திறந்த நாளிலிருந்து குறைந்தது ஓர் அறுவடை வரையிலாவது அந்த உதவியைத் தொடரும் ஏற்பாட்டை, ஜூன் மாத ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.